ரெண்டு கார் இடம் குறைஞ்சா ஒரு கட்டடமே தப்பா?

அந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு அனுமதி இல்லைன்னு தெரிஞ்சதும் இங்கே எத்தனை பேருக்கு எவ்வளவு சந்தோஷம்! மேலே பன்னிரண்டு வீடு, கீழே ரெண்டு கடை, மத்ததெல்லாம் சரி, பார்க்கிங்கில் மட்டும் ரெண்டு இடம் குறைவு. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கு ஆளாளுக்குக் கைதட்டல். நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: தப்பு அந்தக் கட்டடத்தில் இல்லை, இத்தனை வீட்டுக்கும் கடைக்கும் குறைஞ்சது இத்தனை கார் இடம் கட்டாயம்ங்கிற விதியில் இருக்கு. வந்த பதில்களில் கொஞ்சம் நாகரிகமானது, "பில்டர்கிட்ட எவ்வளவு வாங்கின?" மத்ததை இங்கே எடுத்துப் போட முடியாது.

சரி, திட்டினது போதும். கணக்குப் பார்ப்போம்.

ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் வேணும். 12.5 சதுர மீட்டர். எல்லாரும் இதோட நிறுத்திக்கிறாங்க. காரை மேலேருந்து தூக்கி வைக்க முடியாதே, அது ஓடி வந்து திரும்பித்தானே உள்ளே போகணும்? நேர்க்கோணத்தில் நிறுத்தினா முன்னாடி 6 மீட்டர் அகலத்துக்கு வழி வேணும். சரிவுப்பாதை, தூண், திருப்பம், பம்ப் அறை எல்லாம் சேர்த்தா ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் போயிடும். ஒருத்தர் குடியிருக்கிற சின்ன வீட்டின் அளவு அது.

இப்ப 15 மீட்டருக்கு 20 மீட்டர் மனை ஒண்ணை எடுத்துக்குங்க. வீட்டுக்கு ஒரு கார், கடைக்கு 20 சதுர மீட்டருக்கு ஒரு கார்னு விதி. பன்னிரண்டு வீடு, தலா 60 சதுர மீட்டரில் ரெண்டு கடை. மொத்தம் 18 கார். காருக்கு 28 சதுர மீட்டர்னாலும் 504 ஆச்சு. மனையே 300தான்! மூலைக்கு மூலை தோண்டினாலும் ஒரு அடித்தளத்தில் (பேஸ்மென்ட்) அடங்காது. ரெண்டாவது அடித்தளம் தோண்டணும்.

தோண்டினா என்ன ஆகும்னு கேளுங்க. 3.2 மீட்டர் ஆழத்துக்கு 1:8 சரிவில் (எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர்) பாதை இறங்கினா, காரோட அடிவயிறு தரையில் இடிக்காம இருக்க மேலேயும் கீழேயும் மென்சரிவு சேர்த்து, நீளம் 28 மீட்டரைத் தாண்டும். மனையின் நீளம் 20. அப்போ பாதை வளையணும். வளைவில் அகலம் கூடும், அதுலேயே ரெண்டு மூணு கார் இடம் காலி. அந்த ரெண்டு மூணுக்கு மறுபடி எங்கே போறது? இன்னும் கீழே.

தூண் கதை இதைவிட மோசம். மேலே வீட்டுச் சுவரை ஒட்டித் தூண் 3, 4 மீட்டருக்கு ஒண்ணு வந்தா வசதி. கீழே மூணு கார் சேர்ந்து நிற்கணும்னா தூணுக்குத் தூண் நடுவில் 7.5 மீட்டர் தடையில்லாம இருக்கணும். ரெண்டும் ஒத்துப்போகாது. ஒண்ணு, மேல்தூண் பாரத்தை நடுவில் வாங்கிக்க ஆழமான உத்திரம் போடணும். செலவு ஏறும், தலைக்கு மேலே உயரம் குறையும். இல்லேன்னா தூண் ரெண்டு காருக்கு நடுவில் வந்து நிற்கும். அனுமதி வரைபடத்தில் அந்த இடம் அழகா எண் போட்டு இருக்கும். நிஜத்தில் ஓட்டுநர் பக்கக் கதவு ஒரு சாண் திறக்கும், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அங்கே பழைய சோபாவும் பெயின்ட் டப்பாவும் குடியேறும். விதிப்படி அது பார்க்கிங்!

இதுக்கு மேலே பக்கத்துக் கட்டடத்து அஸ்திவாரம் சரியாம தாங்கு சுவர், நீர்க்கசிவுத் தடுப்பு, புகையை வெளியே தள்ள மின்விசிறி, தீயணைப்புத் தெளிப்பான், மழைநீரை ஏத்த பம்ப். பம்புக்கு மாத்து பம்ப். இவ்வளவையும் யார் கட்டுறது? வீட்டு விலையிலும் வாடகையிலும் கடைச் சாமான் விலையிலும் கலந்து எல்லாரும் கட்டுறோம். கார் இல்லாதவங்களும்தான். பஸ்ஸில் வந்து ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிட்டுப் போறவங்க, கார்க்காரங்க நிறுத்துற இடத்துக்கு வாடகை கட்டிட்டுப் போறாங்க. இதை யாரும் இலவசம்னு சொல்றதில்லை, ஏன்னா கண்ணுக்கே தெரியறதில்லை.

"அடித்தளம் வேண்டாம், தரைத்தளத்தில் விடட்டுமே"ன்னு ஒரு யோசனை. விடலாம். கடை ரெண்டும் போயிடும். தெரு முழுக்க இப்படியே ஆனா நடந்து போறவங்களுக்கு ஷட்டரும் பம்பரும்தான் காட்சி. இன்னொண்ணு: உள்ளே போக நடைபாதையை வெட்டி வழி விட்டாங்கன்னா, அந்த வழிக்கு முன்னாடி தெருவில் ஒரு கார் நிற்க முடியாது. தெருவோரம் நீளவாக்கில் ஒரு காருக்கு 6 மீட்டர். வாசல் வழி கிட்டத்தட்ட அதைத் தின்னுடும். பொதுவில் ஒரு இடத்தை அழிச்சுத் தனியாருக்கு ஒரு இடம். சுவர் இல்லாம வெறும் தூணில் நிற்கிற தரைத்தளம் நிலநடுக்கத்தில் என்ன ஆகும்னு 1994இல் அமெரிக்காவின் நார்த்ரிட்ஜில் பார்த்தாச்சு. ஒரே குடியிருப்பில் 16 பேர் செத்தாங்க, மேல்மாடிகள் கீழே உட்கார்ந்ததில்.

அடுத்து, இந்த எண்ணெல்லாம் எங்கேருந்து வந்தது? அமெரிக்காவில் கொலம்பஸ் நகரம் 1923இலேயே அடுக்குமாடிக்குப் பார்க்கிங் கட்டாயம்னு ஆரம்பிச்சது. அப்புறம் ஒரு ஊரைப் பார்த்து இன்னொரு ஊர் எழுதிக்கிச்சு. அளந்த இடங்களில் பலதும் பஸ் இல்லாத, பார்க்கிங் இலவசமா இருந்த புறநகர்க் கட்டடங்கள்; அங்கே உச்ச நேரத்தில் நின்ன கார்களை எண்ணி அதையே தேவைன்னு வெச்சாங்க. பார்க்கிங் விதிகளை ஆராய்ஞ்ச அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷூப் இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிட்டு 2025இல் போய்ச் சேர்ந்தார். அவர்கிட்டயும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பீங்க: எவ்வளவு வாங்கினீங்க?

"அப்போ எல்லாக் காரும் தெருவுக்கு வருமே?" நியாயமான கேள்வி, ஆனா பதிலும் இருக்கு. தெருவுக்குக் கட்டணம் போடுங்க. காசு போட்டு நிறுத்துற பார்க்கிங் மீட்டர் ஒண்ணும் புதுசு இல்லை, அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் 1935இலேயே வந்தது. எட்டு இடத்தில் ஒண்ணு எப்பவும் காலியா இருக்கிற மாதிரி கட்டணத்தை ஏத்தி இறக்கினா, இடம் தேடிச் சுத்துறது குறையும். ஜப்பானில் 1962லிருந்து சட்டமே வேற பக்கம்: பெரும்பாலான ஊர்களில் கார் பதிய, வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்குன்னு போலீஸிடம் சான்று வாங்கணும். முதல் பொறுப்பு கார் வாங்குறவருக்கு. கட்டடங்களில் பெரியதுக்குத்தான் பார்க்கிங் விதி, சின்னதை விட்டுடுறாங்க. டோக்கியோ ஒண்ணும் மூடிடலையே?

"வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள்?" அவங்களுக்கான 3.6 மீட்டர் அகல இடத்தைக் கட்டாயமாவே வைங்க. யார் வேண்டாம்னது? ஆனா அவங்களைக் கேடயமாப் பிடிச்சுக்கிட்டு மீதி பதினேழு இடத்தைக் கேக்காதீங்க.

"மிச்சமாகிறதை பில்டர் சுருட்டிக்குவார்." முதல் நாளே விலை குறையும்னு நான் சொல்லலை, குறையாதுதான். ஆனா இந்த விதியால வரவே வராத சின்னக் கட்டடங்கள் வரும். சின்ன மனைக்காரங்க பெரிய கம்பெனிக்கு வித்துட்டுப் போறது இதனாலதான். நாலு மனையைச் சேர்த்தாத்தான் சரிவுப்பாதை உள்ளே அடங்கும். விதி வளர்க்கிறது பெரிய பில்டரைத்தான், என்னைப் போய்க் கைக்கூலிங்கிறீங்க!

அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017இல் பார்க்கிங்குக்கான குறைந்தபட்சக் கணக்கையே எடுத்துட்டது. அப்புறம் கடையும் வீடும் கலந்த கட்டடங்கள் முன்னாடி கேட்டதைவிடக் குறைவா கட்டின, தேவைப்பட்டவங்க பழைய அளவுக்கு மேலேயும் கட்டிக்கிட்டாங்க. யாரும் காரைத் தடை செய்யலை. மெக்சிகோ நகரம் அதே வருஷம் குறைந்தபட்சத்தை உச்சவரம்பா மாத்திட்டது. நியூசிலாந்து 2020இல் பெரிய நகராட்சிகளிடம் விதியையே எடுக்கச் சொல்லிடுச்சு. இவங்கெல்லாம் வளர்ச்சிக்கு எதிரிகளா?

வேடிக்கை என்னன்னா, நேத்து கைதட்டினவங்கள்ல பாதிப்பேர் சுற்றுலா போய் ஒட்டி ஒட்டி நிற்கிற பழைய தெருக்களில், கீழே கடை மேலே வீடு இருக்கிற இடமாப் பார்த்துப் படம் எடுத்துப் போடுறவங்க. அந்தத் தெருவில் ஒரு கட்டடத்துக்குக்கூட நீங்க கொண்டாடுற விதியில் இன்னைக்கு அனுமதி கிடைக்காது. அங்கே லைக், இங்கே சபாஷ்.

அடுத்த கருத்துக்கேட்புக்குப் போறவங்க திட்டிட்டு வராம எண்ணிக்கையோட போங்க. பக்கத்தில் ஏற்கெனவே கட்டின நாலைஞ்சு கட்டடத்தின் பார்க்கிங்கை ராத்திரி 11 மணிக்கு ஒரு தடவை, வேலைநாள் பகல் 11 மணிக்கு ஒரு தடவை எண்ணுங்க. வீடுகளுக்கு ராத்திரி உச்சம், கடை அலுவலகத்துக்குப் பகல் உச்சம், தனித்தனியா எழுதுங்க. எத்தனை இடம் போட்டிருக்கு, எத்தனையில் கார், எத்தனையில் தட்டுமுட்டுச் சாமான், எதில் தூணால் கதவு திறக்காதுன்னு நாலு பத்தி உள்ள ஒரு அட்டவணை போதும். மழைக்கு மறுநாள் போனா அடித்தளத்தில் தண்ணி எதுவரை நின்னதுங்கிற கறையும் சுவரில் தெரியும், அதையும் அளந்துக்குங்க.