கிணற்றை மூடும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கம், பல வருஷமாக அசையாமல் கிடந்த சிமென்ட் பலகையை நகர்த்தினோம். கீழே கிணறு. ஈர மண் வாசனை குப்பென்று ஏறி வந்தது. நான் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் அதில் கப்பியும் கயிறும் இருந்தன. அப்புறம் போர்வெல் போட்டார்கள், அது காலை வாரியதும் டேங்கர் வந்தது. கிணற்றை மறந்தே போனோம். இப்போது அதில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டால் ரெண்டு கார் நிறுத்தலாம் என்று பேச்சு. "இனிமே யார் மேடம் தண்ணி இறைக்கப் போறாங்க?" என்று குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டார்கள். அங்கே எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கிணற்றின் விளிம்புக் கல்லில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளம் இருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், முதல் கணு வரைக்கும் இறங்கியது. மொகஞ்சதாரோ கிணறுகளின் செங்கல்லிலும் இதே தடம் உண்டு, 4,000 வருஷத்துக்கும் மேல் பழையது. அந்த ஊரில் 700-க்கும் மேல் கிணறுகள் இருந்திருக்கும் என்பது ஜெர்மன் ஆய்வாளர் மைக்கேல் யான்சனின் கணக்கு. ஏறக்குறைய மூன்று வீட்டுக்கு ஒன்று!

கட்டிய விதத்தைக் கேளுங்கள். சாதாரணச் செங்கல்லை வட்டமாக அடுக்கினால் வெளிப்பக்கம் இடுக்கு விழும். அவர்கள் கிணற்றுக்கென்றே தனியாக, உள்பக்கம் ஒடுங்கி வெளிப்பக்கம் அகன்ற ஆப்புச் செங்கல் சுட்டார்கள். சுற்றிலும் மண் நெருக்க நெருக்க வளையம் இறுகுமே தவிர உள்ளே சரியாது. வீட்டின் மேல் வீடு எழும்பித் தெரு உயர்ந்தபோது, கிணற்றை விட்டுவிடாமல் அதன் வாயையும் கட்டி உயர்த்திக்கொண்டே போனார்கள். அதனால்தான் சுற்றியிருந்த மண்ணை அகழ்ந்து எடுத்த பிறகு அந்தக் கிணறுகள் கோபுரம் மாதிரி வானத்தைப் பார்த்து நிற்கின்றன. படத்தில் முதல் தடவை பார்க்கிறவர்கள் புகைபோக்கி என்றே நினைப்பார்கள். பாட்டன் வெட்டிய கிணற்றுக்குப் பேரன் ரெண்டு வரிசை ஏற்றிக் கட்டியிருக்கிறான். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. வெட்டுவது ஒரு வேலை. காப்பாற்றிக்கொண்டு வருவது தலைமுறை தலைமுறையான வேலை.

மனிதன் கிணறு வெட்டிய கதை இதைவிடப் பழசு. சைப்ரஸ் தீவில் மைலூத்கியா என்ற இடத்தில் சுமார் 10,000 வருஷத்துக்கு முந்தைய கிணறுகள் கிடைத்திருக்கின்றன. ஓர் ஆள் இறங்கும் அகலம்தான். இறங்கி ஏறக் கைக்கும் காலுக்கும் சுவரிலேயே குழி செதுக்கியிருக்கிறார்கள். உலோகம் கிடையாது, கல்லும் கொம்பும் வைத்து வேலை பார்த்த காலம். இஸ்ரேல் கரையோரம் அத்லித் யாம் என்றொரு கிராமம் கடலுக்கடியில் இருக்கிறது. அங்கே ஐந்தரை மீட்டர் ஆழமுள்ள, கல் கட்டிய கிணறு ஒன்று. கடல் ஏறி வந்து ஊற்று உப்பாக மாறிய பிறகு ஊர்க்காரர்கள் அதில் எலும்பும் குப்பையும் கொட்டியிருக்கிறார்கள். அது புரிகிறது, தண்ணீர் கெட்டுப்போனது, கொட்டினார்கள். நாம் எதற்காகக் கொட்டப் போகிறோம்?

நம் பக்கத்துச் சேதியும் ஒன்று. கீழடியில் சுடுமண் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கிய உறைகிணறுகள் வந்தன. பட்டினப்பாலையிலேயே 'உறைக்கிணற்றுப் புறச்சேரி' என்று வருகிறது. இன்றைக்கும் நாம் 'உறை இறக்குவது' என்றுதான் சொல்கிறோம். சுடுமண் போய் சிமென்ட் வந்தது, அவ்வளவுதான். பெங்களூரைச் சுற்றி மண்ணு வட்டர் சமூகத்தார் இதைக் கைவேலையாக இன்னும் செய்கிறார்கள். கப்பன் பார்க்கின் பழைய கிணறுகளைத் தூர்வாரி மீட்டதிலும் அவர்கள் கை உண்டு.

இங்கே மேலே இருக்கிற மக்கிய பாறை அடுக்குதான் மழைத் தண்ணீரைச் சீக்கிரம் குடித்து வைத்துக்கொள்கிறது. கிணறு தொடுவது அதை. போர்வெல் அதைத் தாண்டி ஆயிரம் அடி, அதற்கும் கீழே, கெட்டிப் பாறையின் வெடிப்பில் தேடுகிறது. 2024 கோடையில் நகரத்துப் போர்வெல்கள் ஆயிரக்கணக்கில் வறண்டதை மறந்துவிட்டோமா? காவிரியோ சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்திலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் தண்ணீர். எல்லாவற்றையும்விட, போர்வெல்லில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் காற்றை இழுக்கும்போதுதான் தெரியும். கிணற்றில் எட்டிப் பார்த்தால் போதும். 'ரெண்டு படி இறங்கியிருக்கு, துணியை நாளைக்குத் துவை' என்று சொன்ன என் மாமியார் எந்த மீட்டரையும் பார்த்ததில்லை.

சாக்கடை கசியும் ஊரில் இந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லவில்லை. கழிப்பறைக்கும் செடிக்கும் வண்டி கழுவவும் எடுக்கலாம். மொட்டை மாடி மழைத் தண்ணீரை வடிகட்டி உள்ளே விடலாம்.

அன்றைக்குப் பார்க்க வந்த கிணற்றுக்காரப் பெரியவர் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார். "கல்கட்டு அசையலைம்மா. தூருதான் அஞ்சடி ஏறிக் கெடக்கு. மூணு ஆளு, நாலு நாள் வேலை" என்றார். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறேன். மூடுவதா வேண்டாமா என்று ஓட்டுப் போடுவதற்கு முன்னால் எல்லோரும் கீழே வந்து ஒரு தடவை எட்டிப் பாருங்கள். டார்ச் நான் கொண்டுவருகிறேன்.