டிப்ளமோ வழியையும் சொல்லுங்கள்

சிவில் இன்ஜினியர் ஆவது எப்படி என்ற உங்கள் கட்டுரை, பிளஸ் டூ முடித்து பி.இ. சேர்ந்தால்தான் ஆகலாம் என்பதுபோல் போகிறது. பத்தாவது முடித்து 3 வருட டிப்ளமோ, அப்புறம் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு என்றும் போகலாம். நான் அப்படி வந்தவன்தான். கிருஷ்ணகிரியிலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, வசதி குறைந்த பிள்ளைகள் அவசியம் விசாரியுங்கள்.

லீவு நாட்களில் சைட்டுக்குப் போய் நில்லுங்கள். ஓசூர் பக்கம் ஒரு சைட்டில், கான்கிரீட் எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று சோதிக்கும் 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பை (ஸ்லம்ப் கோன்) நிரப்பித் தூக்கியதும் கலவை சரிந்ததைப் பார்த்தே, “தண்ணி ஜாஸ்தி சார்” என்றார் மேஸ்திரி. கான்கிரீட் வண்டியைத் திருப்பி அனுப்பினோம். கான்கிரீட்டைக் கட்டியாக வார்த்து (கியூப்), உடைத்து வலிமை பார்க்க 28 நாள் ஆகும். அதற்குள் தூண் எழும்பியிருக்கும். அந்தக் கண் எனக்கு வர இரண்டு வருடம் பிடித்தது. கம்ப்யூட்டரில் பிளான் வரையும் ஆட்டோகேடும் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கம்பி கட்டுவதை முதலில் பாருங்கள்.