வியன்னாவை விடுங்க, 2018 பெர்லினைப் பாருங்க

கென்ய மாரத்தான் வீரர் கிப்சோகே என்றாலே எல்லாரும் ஷேர் பண்றது 2019 அக்டோபர் 12, வியன்னா, மாரத்தான் தூரம் (42.195 கிலோமீட்டர்) 1:59:40-ல். பார்க்கப் பிரமாதமாத்தான் இருக்கும். ஆனா அது பந்தயமே இல்லை, எதிர்த்து ஓட ஆளே கிடையாது. 41 பேசர்கள் (கூடவே ஓடி வேகம் பிடித்துக் கொடுக்கிறவர்கள்), முறை வைத்து மாறி மாறி. ஒரு நேரத்தில் ஏழு பேர்: முன்னால் ஐந்து, பின்னால் இரண்டு. அவர்கள் எங்கே ஓடணும் என்று முன்னால் போன கார் ரோட்டில் லேசர் கோடு போட்டுக்கொண்டே போனது. பாட்டில் சைக்கிளில் வந்தது. உலக சாதனையாக ஏற்கவில்லை என்றால் அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், அந்த மனுஷனின் உச்சம் 2018 பெர்லின் மாரத்தான். 2:01:39. மூன்று பேசர்களில் இரண்டு பேர் 15 கிலோமீட்டர் வாக்கிலேயே கழன்றுகொண்டார்கள். 30 வரை வரவேண்டிய மூன்றாமவர் 25-ல் நின்றுவிட்டார். மிச்சம் 17 கிலோமீட்டர், காற்றை மறிக்க ஒரு முதுகுகூட முன்னால் இல்லாமல். முதல் பாதி 61:06, இரண்டாம் பாதி 60:33. துணை இருந்த பாதியைவிடத் துணை போன பாதி 33 விநாடி வேகம்! பழைய உலக சாதனையைவிட 78 விநாடி குறைவு. இரண்டாவதாக வந்தவர் 2:06:23.

2022-ல் அதே பெர்லினில் 2:01:09 ஓடினாரே என்பீர்கள். ஸ்ப்ளிட்டை, அதாவது பாதிக்குப் பாதி நேரத்தைப் பாருங்கள். முதல் பாதி 59:51, அதாவது கிலோமீட்டருக்கு 2:50. அது அப்படியே வியன்னா பேஸ் (ஓடும் வேகம்), வியன்னாவின் ஆள்வேலி இல்லாமல். இரண்டாம் பாதி 61:18, கிலோமீட்டருக்கு 2:54. வேகம் ஏற ஏற உடம்பு கொழுப்பைக் குறைத்துக்கொண்டு கிளைகோஜனை (தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த சர்க்கரையை) அதிகம் தின்னும். அதை ஈடுகட்ட ஓடிக்கொண்டே குடிப்பதில் வயிறு ஏற்பது கொஞ்சம்தான். முன்பாதியில் கிலோமீட்டருக்குச் சில விநாடி வேகமாகப் போனால் பின்பாதியில் வட்டியோடு கட்டணும். அன்றைக்கு அது உலக சாதனைதான், ஆனா ஓட்டத்தின் அழகு 2018-ல்தான்.

இந்த பேஸ் எங்கிருந்து வந்தது? டிராக்கில் இருந்து. 2003 பாரிஸ் உலக சாம்பியன்ஷிப், 5000 மீட்டர், வயது 18. 12:52.79-ல் மொராக்கோ நட்சத்திரம் எல் கெரூஜை விநாடியில் நூறில் நாலு பங்கில் முந்தினார், மூன்றாவது எத்தியோப்பியாவின் பெக்கெலே. கிலோமீட்டருக்கு 2:35 ஓடிப் பழகிய காலுக்கு 2018 பெர்லினின் 2:53 மூச்சு வாங்குற வேகமில்லை. பிறகு ஒலிம்பிக்கில் 2004 வெண்கலம், 2008 வெள்ளி. 2012-ல் கென்ய அணியில் இடமே கிடைக்கவில்லை. அதற்கப்புறம்தான் ரோட்டுக்கு வந்தார். 2013 ஹாம்பர்க்கில் முதல் மாரத்தான், 2:05:30, முதலிடம்.

மீதியெல்லாம் அவர் பயிற்சி எடுத்த கென்யாவின் கப்தகாத் மண் ரோடு. சுமார் 2400 மீட்டர் உயரம், கோச் பேட்ரிக் சாங், வாரம் 200 கிலோமீட்டருக்கு மேல். செவ்வாய் டிராக், வியாழன் நீண்ட ஓட்டம் (ஒரு வாரம் 30 என்றால் அடுத்த வாரம் 40), சனி ஃபார்ட்லெக் (வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி ஓடுவது). ரகசியம் தேடுகிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும்.

2023 பாஸ்டன் மாரத்தானில் ஆறாவது வந்ததும் கேலி கிளம்பியது. அங்கே பேசர் கிடையாது. முதலில் நெடுக இறக்கம், தொடைத் தசை அடி வாங்கும். அந்தக் காலோடு 26-வது கிலோமீட்டருக்கு மேல் நியூட்டன் மேடுகள் ஏறணும். சமதரையில் ஒரே சீராக ஓடுகிறவருக்கு அது வேறு ஆட்டம்.

ஆனா 'பேசர் இல்லேன்னா இவர் பருப்பு வேகாது' என்பது அநியாயம். ஒலிம்பிக் மாரத்தானிலும் பேசர் கிடையாது. 2016 ரியோவில் 2:08:44, தங்கம். 2021-ல், டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் நடந்த சப்போரோவின் புழுக்கத்தில் 30 கிலோமீட்டர் வரை கூட்டத்தோடு கூட்டமாக வந்தார், அப்புறம் வேகம் கூட்டினார். 2:08:38-ல் கோட்டைத் தொட்டபோது அடுத்த ஆள் 80 விநாடி பின்னால்.