100 ஏஎச் என்று ஒட்டி 66 ஏஎச் விற்கிறார்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கூரைமேல் இரண்டு பேனல். கீழே, வாங்கி நான்கு மாதம்கூட ஆகாத லித்தியம் பேட்டரி. ஆனால் வீட்டில் ஒரு பல்பு எரியாது, போனுக்கு சார்ஜ் ஏறாது. போன வாரம் ஒரு காலைப்பொழுது முழுக்க இந்த நிலைமையில் இருந்தோம். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் கொல்லை ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. கரண்ட் கம்பம் முக்கால் கிலோமீட்டருக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. விளக்கு, ஃபேன், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்பி மோட்டார், ராத்திரியில் பன்றி வராமல் இருக்க மல்லாட்டையைச் சுற்றிப் போடும் லைட், எல்லாமே சோலாரில்தான். ஊருக்குள் பேட்டரி மக்கர் செய்தால் மெயின் கரண்ட் இருக்கிறது. எங்களுக்கு பேட்டரி போனால் இருட்டுதான். அந்த பேட்டரியில்தான் ஏமாற்றுகிறார்கள்.

பழைய டியூபுலர், அதாவது ஈயமும் ஆசிட்டும் உள்ள பேட்டரி, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஐந்து வருடம் ஓடியது. அது செத்ததும் கடைக்காரர் சொன்னார்: "அதைக் கழட்டிட்டு இதை மாட்டுங்க சார், வேற எதையும் மாத்த வேணாம். 6000 சைக்கிள் வரும்." ஒரு முறை ஏற்றி இறக்கினால் ஒரு சைக்கிள். அந்த இரண்டு பேச்சையும் வாரண்டி கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் இன்றைக்குக் கேஸ் போட்டிருப்பேன்.

எதையும் மாற்ற வேண்டாமாம். எப்படி அய்யா மாற்றாமல் இருக்க முடியும்? 12.8 வோல்ட் லித்தியம் பேட்டரிக்குள் நான்கு செல் வரிசையாக நிற்கிறது. ஒரு செல் 3.65 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 2.5-க்குக் கீழே இறங்கவும் கூடாது. டியூபுலருக்கு செட் செய்த இன்வெர்ட்டர் 10.5 வோல்ட்டில்தான் கட்-ஆஃப் ஆகும். நாலு இரண்டரை பத்து, அப்படியானால் இன்வெர்ட்டர் முதலில் நின்றுவிடும் என்றுதான் கணக்கு சொல்கிறது. ஆனால் மலிவு பேட்டரியில் நான்கு செல்லும் ஒரே மாதிரி இருந்தால்தானே! மூன்று செல் 3 வோல்ட்டில் நிற்கும்போது நோஞ்சான் செல் ஒன்று 2.5-ஐத் தொட்டுவிடும். மொத்தம் 11.5 வோல்ட். இன்வெர்ட்டருக்கு ஒன்றும் தெரியாது. செல்களைக் காவல் காக்க உள்ளே இருக்கும் பிஎம்எஸ் போர்டு பட்டென்று கரண்டை வெட்டிவிடும்.

அந்தக் காலைக்கு முந்தின ராத்திரி பத்தரைக்கு நடந்தது அதுதான். லைட் மொத்தமும் அணைந்தது. பன்றிகள் ஓரத்து நாலு பாத்தியைப் பிரட்டிப் போட்டுவிட்டுப் போயின.

சரி, விடிந்தால் வெயில் வரும், சார்ஜ் ஏறும் என்று படுத்தேன். விடிந்தது, வெயிலும் வந்தது, ஒன்றும் ஏறவில்லை. மீட்டரை வைத்தால் பேட்டரி முனையில் பூஜ்யம். பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றும் சார்ஜ் கண்ட்ரோலர் கண் விழிக்க வேண்டுமென்றால் பேட்டரியில் வோல்ட்டேஜ் தெரிய வேண்டும். பிஎம்எஸ் கதவைத் திறக்க வேண்டுமென்றால் சார்ஜ் உள்ளே வர வேண்டும். ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு இரண்டும் தூங்குகின்றன. நடுவில் அத்தனை வெயிலும் வீண். கடைக்கு போன் செய்தால், "ரெண்டு நாள்ல ஆள் அனுப்பறேன் சார்." இரண்டு நாள்! கடைசியில் பக்கத்துக் கொல்லை அண்ணன் தன் பைக் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்தார். பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று ஒரு நிமிடம் சேர்த்துப் பிடித்தோம். கண்ட்ரோலர் எழுந்துகொண்டது. இந்த ஒரு நிமிட வேலையை விற்கும்போதே சொல்லிக் கொடுக்க என்ன கேடு?

அப்புறம்தான் சந்தேகம் வந்தது. முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு 10 ஆம்ப் லோடு போட்டு மணி பார்த்தேன். ஏஎச் என்பது ஆம்பியர்-மணி, எத்தனை ஆம்ப் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு. 100 ஏஎச் என்றால் பத்து மணி நேரம் ஓட வேண்டும். ஆறரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. டியூபுலரில் வோல்ட்டேஜைப் பார்த்தே மிச்சம் எவ்வளவு என்று ஒரு மாதிரி சொல்லிவிடலாம். இதில் 13.1, 13.2 என்று வெகுநேரம் அசையாமல் நின்று கடைசியில் தடாலென்று விழும். நான்கு மாதம் நான் கண்டுபிடிக்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். விற்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

மூடியைத் திறந்தேன். உள்ளே பருத்த டார்ச் செல் மாதிரி உருளை செல்கள். எண்ணினேன், 44. வரிசைக்கு 11, நான்கு வரிசை. ஒரு வரிசையின் பதினொன்றும் சேர்ந்துதான் நான் முன்னால் சொன்ன ஒரு செல். செல்லின் மேலேயே 6 ஏஎச் என்று அச்சாகியிருக்கிறது. பதினோராறு அறுபத்தாறு. வெளியே 100 என்று ஸ்டிக்கர்! இது செல் கெட்டுப்போய்க் குறைந்ததில்லை. ஆறு ஏஎச் செல்லைப் பதினொன்று மட்டும் வைத்து வெல்டு செய்தவனுக்கு, மூடி போடும்போதே 66 என்று தெரியும். 16,000 ரூபாய் கொடுத்தேன் நான். மூன்றில் ஒரு பங்கு காற்றுக்குப் போயிருக்கிறது.

ஸ்டிக்கரில் பிஎம்எஸ் 100 ஆம்ப். போர்டில் 50 என்று எழுதியிருக்கிறது. மோட்டார் ஓடும்போது இழுக்கும் கரண்டைப் போல நாலைந்து மடங்கு, கிளம்பும்போது இழுக்கும். போர்டு தாங்காமல் வெட்டிவிடும். மூன்றில் ஒரு தடவை மோட்டார் கிளம்பாமல் எல்லாம் அணைந்ததற்கு இன்வெர்ட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த 6000 சைக்கிள் பேச்சு இருக்கிறதே, அது 25 டிகிரி அறையில் நிதானமாக ஏற்றி இறக்கிப் போடும் கணக்கு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வாழும் பேட்டரிக்கு அந்தக் கணக்கைச் சொல்வது பச்சைப் பொய்.

லித்தியத்தின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 1997-இல் விஞ்ஞானி குட்இனஃப் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட இரும்பு பாஸ்பேட் வகைதான் இது. எளிதில் தீப்பிடிக்காது, நீண்டநாள் உழைக்கும். மச்சான் வீட்டில் பெரிய செல் 16 போட்ட 51.2 வோல்ட் பேட்டரி மூன்றாவது வருடமாக ஒரு குறையில்லாமல் ஓடுகிறது. நல்ல சாமானின் பேரைக் கெடுக்கிறவர்கள்மேல்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வாரண்டி கேட்டால் கம்பெனிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். கூரியர்காரர் லித்தியம் என்றதும் கையை விரிக்கிறார், அபாயப் பொருள் பட்டியலில் இருக்கிறதாம். கடைக்காரரோ சீலை உடைத்துவிட்டீர்கள், வாரண்டி கிடையாது என்கிறார். உடைக்காமல் நான் எப்படி 44-ஐ எண்ணுவது?

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து தராசில் வையுங்கள். 12.8 வோல்ட் 100 ஏஎச் என்றால் பத்து கிலோவுக்குக் குறைவாக இருப்பது அபூர்வம். என்னுடையது எட்டு கிலோ. கண்ட்ரோலரில் ஈக்வலைஸை (டியூபுலருக்கான கூடுதல் வோல்ட்டேஜ் சார்ஜை) அணைத்துவிடுங்கள், சார்ஜ் 14.2 வோல்ட்டுக்கும் 14.4-க்கும் நடுவில் நிற்கட்டும், இன்வெர்ட்டர் கட்-ஆஃபை 12 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள். பிஎம்எஸ் எத்தனை ஆம்ப் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

நான் நாளைக்கு முனைகளுக்கு டேப் சுற்றி, மூடி திறந்த அந்தப் பேட்டரியை பைக்கில் கட்டிக்கொண்டு போகிறேன். 100 ஏஎச் வாங்க இன்னொருவர் வந்து நிற்கும் நேரமாகப் பார்த்துக் கடை மேசைமேல் வைத்து, 44-ஐயும் அவர் முன்னால் சத்தமாக எண்ணுவேன்.