திரைக்கு முன்னால் ஒருநாள்

விமானத்தில் முதல் வகுப்பில் பறப்பவர்கள் எல்லாரும் தலைக்கனம் பிடித்தவர்கள் என்று, நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். நாக்கு எல்லாருக்கும்தான் நீளுகிறது. 2009இல் மத்திய இணையமைச்சராக இருந்த சசி தரூர் சாதாரண வகுப்பை ‘மாட்டு வகுப்பு’ என்று ட்விட்டரில் எழுதி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். அந்தச் சொல் அவருடையதே அல்ல. கேள்வி கேட்ட பத்திரிகையாளர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார். பின்வரிசையில் முழங்கால் இடிபட உட்காருகிறவர்களே தங்களைக் கேலி செய்துகொள்ளும் சொல் அது.

என் கதையைக் கேளுங்கள். துபாயிலிருந்து சென்னைக்கு வரும்போது, பின்னால் இடம் நிரம்பிவிட்டதால் என்னை முன்னால் உட்காரவைத்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் என் ரப்பர் செருப்பைப் பார்த்துவிட்டு, “இப்போதெல்லாம் யாரை வேண்டுமானாலும் ஏற்றுகிறார்கள்” என்று பணிப்பெண்ணிடம் முணுமுணுத்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சூடான துண்டில் முகம் துடைத்து, பேரீச்சம்பழமும் காபியும் உள்ளே போனபிறகு, கைக்குழந்தையோடு ஒருவர் இரண்டு வகுப்புகளையும் பிரிக்கும் திரையை விலக்கி முன்பக்கக் கழிவறைக்கு வந்தார். “பின்னால்தான் இருக்கிறதே, இங்கே எதற்கு?” என்று முதலில் நினைத்தது நான்தான், பக்கத்து இருக்கைக்காரர் அல்ல.