நாளுக்கு 22 யூரோவுக்குக் கார் தருகிறார்களாம்!

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுக்க இணையத்தில் விலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளுக்கு 22 யூரோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். அந்த விலைக்குக் கார் கிடையாது. கார் எடுக்க வரிசையில் நிற்கும் உரிமை மட்டும்தான் கிடைக்கும். மிச்சத்தையெல்லாம் பெட்டியும் பிள்ளைகளுமாகக் கவுண்டரில் போய் நிற்கும்போது கறப்பார்கள்.

நம்மூர்க் கல்யாண மண்டபக் கணக்குதான். வாடகை இவ்வளவு என்பார்கள். அட்வான்ஸ் கொடுத்துப் பத்திரிகையும் அடித்த பிறகு ஜெனரேட்டருக்குத் தனி, பாத்திரம் கழுவத் தனி, குப்பை அள்ளத் தனி. மண்டபத்திலாவது மாமா போய் மேனேஜரிடம் நாலு வார்த்தை சத்தமாகப் பேசினால் ஏதோ கொஞ்சம் குறையும். ரோம் விமான நிலையத்தில் யாரிடம் போய்ச் சத்தம் போடுவது?

குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய் வந்த அனுபவம் இது. ரயிலில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான், அதற்குக் கார் தேவையே இல்லை. ஆனால் நாங்கள் போக நினைத்தது டஸ்கனி பகுதியின் குன்றுகளுக்கு. பியென்ஸா, மோன்டெபுல்சியானோ மாதிரி ஊர்களெல்லாம் மலை உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன. முழங்கால் வலியோடு மாமா, அத்தை, இரண்டு பிள்ளைகள், இத்தனை பேரையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு கிராமத்துப் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. நம் அவசியம் வாடகைக் கார்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அவர்களுடைய மூலதனம்.

இங்கிருந்து கிளம்பும்போது எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தோம். இத்தாலியில் நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்டிஓவில் ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டி, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வாங்கினோம். ஒரு வருடம் செல்லும். இந்த மொத்தக் கூத்தில் சொன்ன விலைக்கே கிடைத்த பொருள் அது ஒன்றுதான். ஆர்டிஓ ஆபீஸைப் பாராட்டி எழுதும் ஒரு நாள் என் வாழ்வில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

கவுண்டரில் முதல் அடி, கிரெடிட் கார்டு. வீட்டில் கார் ஓட்டுவது நான். இவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே தோள் வலிக்கும். அதனால் என் பெயரில் புக் செய்தேன். பெரிய லிமிட் உள்ள கார்டு இவர் பெயரில். "முதன்மை ஓட்டுநர் பெயரில்தான் கார்டு இருக்க வேண்டும்" என்றாள் அந்தப் பெண். கணவர்தான், இதோ பக்கத்தில் நிற்கிறார், கையெழுத்தும் போடுவார் என்றால் கேட்கவில்லை. தீர்வையும் அவளே சொன்னாள். இவர் முதன்மை ஓட்டுநராம், நான் கூடுதல் ஓட்டுநராம். கூடுதல் ஓட்டுநருக்கு நாளுக்கு 10 யூரோ. பயணம் முழுக்க வண்டி ஓட்டியவள் நான். ஓட்டியதற்குத் தண்டம் கட்டியவளும் நான். ஓரத்தில் உட்கார்ந்து தூங்கியவருக்கு இலவசம்!

டெபிட் கார்டு செல்லாது. பேங்கில் போய் யூரோ ஏற்றிக்கொண்டு வந்த ஃபாரெக்ஸ் கார்டும், காருக்குச் சேதம் வந்தால் எடுத்துக்கொள்ள அவர்கள் பிடித்து வைக்கும் டெபாசிட்டுக்குச் செல்லாது.

சரி, அடுத்தது இன்சூரன்ஸ். உண்மையான வேட்டை நடக்கும் இடம் இது. வாடகையோடு இன்சூரன்ஸ் சேர்ந்தே வருகிறது என்றுதான் தளத்தில் இருக்கும். பொய் இல்லை. ஆனால் அந்த இன்சூரன்ஸில் முதல் 1,800 யூரோ சேதம் நம் தலையில். அதற்கு மேல் போனால்தான் அவர்கள் பாடு. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தொலைந்த சாவி, இவையெல்லாம் அதிலும் சேராது. கிராமத்துக் கல் ரோட்டில் வேறு எது அடிபடும் என்று நினைக்கிறார்கள், கூரையா?

அந்த 1,800 யூரோவை, நம் பணத்தில் ஒன்றேமுக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல் வரும் தொகையை, கார்டில் முடக்கி வைப்பார்கள். பயணம் முழுக்க ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் நம்பியிருக்கும் அதே கார்டு. லிமிட் அங்கேயே கரைந்துவிட்டால் அப்புறம் எதை வைத்துச் சமாளிப்பது? நம் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே அவள் டேப்லெட்டைத் திருப்புகிறாள். அவர்களின் 'முழுப் பாதுகாப்பு' வாங்கினால் டெபாசிட் 300 யூரோதானாம். விலை நாளுக்கு 28 யூரோ. காரின் வாடகையைவிட அதிகம்!

நான் ஏற்கனவே முழுப் பாதுகாப்பு வாங்கியிருந்தேன் ஐயா! புக் செய்த இடைத்தரகர் தளத்திலேயே, காசு கொடுத்து, ரசீதோடு. பிரிண்ட் எடுத்து நீட்டினேன். "இது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள விஷயம், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்றாள். அதாவது கீறல் விழுந்தால் முதலில் என் கார்டிலிருந்து இவர்கள் உருவிக்கொள்வார்கள். நான் ஊர் திரும்பி, ஒப்பந்தம், பில், போட்டோ எல்லாம் அனுப்பி, அந்தத் தளத்துக்காரனிடம் பிச்சை எடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தளத்தில் 'இனி கவலையே வேண்டாம்' என்று ஒரு பச்சை டிக் போட்டிருந்தானே, அது இதுதான்.

பின்னால் வரிசை. சின்னவன் தரையில் படுத்துவிட்டான். "ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மாமா கேட்கிறார். இரவு முழுக்க விமானத்தில் தூங்காத தலைக்கு, புரியாத ஷரத்துகள் நிறைந்த திரையைக் காட்டி, இங்கே விரலால் கையெழுத்துப் போடு, இங்கே போடு என்றால், மனிதர்கள் போட்டுவிடுவார்கள். நானும் போட்டேன், அந்த 28 யூரோ பாதுகாப்பையும் வாங்கினேன். அதை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. கவுண்டரில் இருப்பவர்களுக்கு இதை விற்றால் கமிஷன் கிடைப்பதும் இந்தத் தொழிலில் சகஜம். அவளைக்கூட நான் திட்ட மாட்டேன். விலையை ஒளித்து வைத்தவன் வேறு எங்கோ ஏசி அறையில் இருக்கிறான்.

இது என் ஒருத்தியின் புலம்பல் இல்லை. ஐரோப்பா முழுக்கப் புகார்கள் குவிந்து, ஐரோப்பிய ஆணையமும் நுகர்வோர் அமைப்புகளும் தலையிட்ட பிறகு, கட்டாயக் கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே விலை காட்டுகிறோம் என்று ஐந்து பெரிய வாடகைக் கார் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஆணையம் அதை அறிவித்தது 2019 ஜனவரியில். நல்லது. ஆனால் கட்டாயக் கட்டணத்தைத்தானே சேர்க்க வேண்டும்? இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை, 'விருப்பம்'. ஒன்றேமுக்கால் லட்சத்தைப் பூட்டு போட்டு வைத்துவிட்டுக் கேட்கிற விருப்பம்!

குழந்தை இருக்கையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. இத்தாலியில் 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு இருக்கையோ பூஸ்டரோ கட்டாயம். நியாயமான சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பிளாஸ்டிக் பூஸ்டருக்கு நாளுக்கு 9 யூரோவா? அந்த வாடகையில் கடையில் புதிதாகவே வாங்கிவிட்டு, ஊருக்கும் எடுத்து வந்திருக்கலாம். கொடுத்த பூஸ்டரோ, துணி உறை கிழிந்து, மடிப்புக்குள் யாரோ தின்ற பிஸ்கட் தூளோடு இருந்தது. அத்தை ஈர டிஷ்யூவை எடுத்து அங்கேயே உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

வண்டியைப் பற்றி என்ன சொல்ல? படத்தில் ஏழு பேர் உட்காரும் அழகான வண்டி, கீழே பொடி எழுத்தில் 'அல்லது அதே போன்ற'. கடைசி வரிசையை நிமிர்த்தினால் பெட்டி வைக்க இடமில்லை. பெட்டி வைத்தால் ஆள் உட்கார முடியாது. பெரியவள் மடியில் ஒரு பெட்டியோடுதான் டஸ்கனியைப் பார்த்தாள்.

எடுக்கும்போது அந்த மங்கலான பார்க்கிங்கில் கைபேசி விளக்கை அடித்து நாலு சக்கரத்தையும் வீடியோ எடுத்தேன். "என்னம்மா, போலீஸ் மாதிரி?" என்று மாமா சிரித்தார். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு ஆள் வட்டங்கள் போட்ட கண்ணாடி மாதிரி அட்டையோடு வந்து, பின் சக்கரத்தின் விளிம்பில் இருந்த கீறல் மேல் வைத்து அளந்தான். வட்டத்தைத் தாண்டினால் காசு. வீடியோவையும் அதில் இருந்த தேதியையும் காட்டிய பிறகு அட்டை சட்டைப்பைக்குள் போனது. ஒரு வார்த்தை மன்னிப்புக்கூட இல்லை.

அப்புறம் இந்த நகர மையத் தடை மண்டலங்கள். ஃப்ளாரன்ஸ் போன்ற ஊர்களின் பழைய பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் எடுத்துவிடும். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு டிராமில் போனதால் நாங்கள் தப்பினோம். மாட்டியவர்கள் கட்டும் அபராதம் அந்த ஊர் நகராட்சிக்குப் போகிறது, சரி. வெளிநாட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் வரை அவகாசமாம், அதுவும் போகட்டும். ஆனால் வண்டி எடுத்தவரின் பெயரையும் முகவரியையும் போலீசுக்குத் தெரிவிக்கும் 'சேவை'க்கென்று வாடகை நிறுவனம் தனியாக 40, 50 யூரோ கார்டில் உருவுகிறதே, அது எந்த ஊர் நியாயம்? கணினியில் ஒரு பட்டனைத் தட்ட 50 யூரோவா?

கடைசியில் நாளுக்கு 22 யூரோ என்ற வண்டி 60 யூரோவைத் தாண்டித்தான் நின்றது, பெட்ரோலும் டோலும் இல்லாமலே. அதையும் யூரோவில் எடுக்காமல், ரூபாயிலேயே போடட்டுமா என்று மெஷின் கேட்கிறது. அவர்கள் இஷ்டத்துக்கு ஒரு ரேட்டைப் போட்டு அதிலும் ஒரு கை பார்க்கத்தான். வேண்டாம் என்று அழுத்துங்கள், தயவுசெய்து.

அந்த 300 யூரோ டெபாசிட் இன்னும் விடுபடவில்லை. பேங்கைக் கேட்டால் கார் நிறுவனம்தான் விடுவிக்க வேண்டும் என்கிறது, நிறுவனத்தைக் கேட்டால் விடுவித்துவிட்டோம், பேங்கைக் கேளுங்கள் என்கிறார்கள். இதற்கு நடுவில் அந்த நிறுவனத்திடமிருந்து மெயில் மட்டும் ஒழுங்காக வந்திருக்கிறது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள், நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்று. நட்சத்திரம் ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, பூஜ்யம் போட வழியே வைக்கவில்லை.