அவசரநிலை வந்தால் எல்லா உரிமையும் போய்விடுமா?

"அவசரநிலை அறிவித்துவிட்டால் அடிப்படை உரிமை ஒன்றுகூட மிஞ்சாது, யாரையும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

இந்த பயம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. 1975 ஜூன் 25 அன்று அறிவிக்கப்பட்ட அவசரநிலையில் ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் நீதிமன்றம் போக முடியுமா என்ற வழக்கில், பகைமையால் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால் என்ன பரிகாரம் என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். அவசரநிலை இருக்கும்வரை பரிகாரம் இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல். படிக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது. 1976 ஏப்ரலில் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள்; கன்னா மட்டும் மறுத்தார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி, அவருக்கு இளையவருக்குப் போனது.

ஆனால் சட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. 1978-இல் வந்த அரசியல் சட்டத்தின் 44-வது திருத்தத்தின்படி, பிரிவு 20, 21 ஆகிய இரண்டையும் எந்த அவசரநிலையிலும் நிறுத்திவைக்க முடியாது. 20 என்பது குற்ற வழக்கில் தண்டிக்கப்படுவது தொடர்பான பாதுகாப்பு; 21 என்பது உயிரும் தனிமனித சுதந்திரமும். 2017-இல் அந்தரங்க உரிமைத் தீர்ப்பில், 1976 தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

சரி, எதுவுமே பாதிக்காதா? பாதிக்கும். போர் அல்லது வெளி ஆக்கிரமிப்பு காரணமான அவசரநிலையில் பேச்சுரிமை அடங்கிய பிரிவு 19-க்குப் பாதுகாப்பு இல்லை. மற்ற உரிமைகளுக்காக நீதிமன்றம் போவதைக் குடியரசுத் தலைவர் ஆணையால் நிறுத்தலாம். அந்த ஆணை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும்.